உச்சியில் நிற்காத அண்ணன்

பகலில் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பாள் தங்கச்சி. மாலையில் ஒரு பாடற்குழுவுக்கு ஆங்கிலத்தில் பாட்டு எழுதிக் கொடுப்பாள். மெட்டு முதலில் வரும். அதன் மேல் சொல்லை உட்கார வைப்பது அவள் பாடு.

இந்த முறை பாட்டு அண்ணனைப் பற்றியது. அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனபின் அவளை வளர்த்து, படிக்க வைத்து, கடல் தாண்டி இந்த ஊருக்கும் கூட்டி வந்தவர் அவர்தான். பஸ் ஓட்டுகிறார். நேரில் நன்றி சொன்னால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற ரகம். அதனால் பாட்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

ஒத்திகையில் சிக்கல் வந்தது. ‘மை பிரதர்’ என்ற இடத்தில்தான் மெட்டு உச்சிக்கு ஏறி நீள்கிறது. பாடகிக்கு அங்கே வாய் விரியவில்லை. குரல் தொண்டையிலேயே மாட்டிக்கொண்டது. மெட்டுப் போட்ட வாத்தியார் பியானோவை நிறுத்தினார். மேலே போகும்போது ‘ஆ’ என்று திறக்கிற சொல் வேண்டுமாம். “ஃபாதர்னு போட்டுக்கலாமா?” என்றார்.

பாடகி பாடினாள். மணி அடித்தாற்போல விழுந்தது. தங்கச்சி சரியென்று தலையாட்டிவிட்டாள். முரண்டு பிடித்தால் அடுத்த பாட்டு கிடைக்காதோ என்று பயம். அண்ணனுக்கு இங்கிலீஷ் அரைகுறைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அரைகுறைக்கும் அந்த ஒரு சொல் தெரியும் என்பது கச்சேரியன்று அரங்கில்தான் உறைத்தது. இஸ்திரி போட்ட சட்டையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், கைதட்டத் தயாராக வைத்திருந்த கைகளை மடியில் இறக்கினார்.

வீடு திரும்பும் வழியில் அவர் கோபப்படவில்லை. “நல்லா எழுதியிருக்க பாப்பா. அப்பா எங்க இருக்காருன்னு தெரிஞ்சா அனுப்பி வை.”

சுரம், தொண்டை என்று அவள் அடுக்கிய காரணமெல்லாம் அவள் காதுக்கே நொண்டியடித்தது.

“சரி விடு. வண்டி மேடு ஏறணும்னா யாராவது எறங்கித்தானே ஆகணும்?” என்று சிரித்தார்.

மறுநாள் வாத்தியாரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அட கிறுக்கி, நிஜ அண்ணன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெட்டையே கீழ எறக்கியிருப்பேனே. அது என்ன கல்வெட்டா?”

இறக்கியும் காட்டினார். பழைய சொல் சுகமாக உட்கார்ந்தது. பாடகியைப் பாட வைத்து, பதிவு செய்து, அண்ணனுக்கு அனுப்பினாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்கு மேல போனப்ப இருந்த அழகு இதுல இல்ல” என்றார் அவர்.

அவளுக்கும் அப்படித்தான் பட்டது.