ஏரியிலிருந்து வீட்டுக்கு

தக்கை முழுகிவிட்டது. வேதாசலம் தூண்டிலைச் சுண்டவில்லை.

“நைனா, மீனு மாட்டிக்கிச்சு பாரு” என்றாள் மகள் எழிலரசி. பரிசலில் அவள்மேல் சாய்ந்திருந்தவர் அசையவில்லை. துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த வாஹித் பாஷா, நண்பனின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். எடுத்த விரலை என்ன செய்வதென்று தெரியாமல் லுங்கியில் துடைத்துக்கொண்டார். சற்றுத் தள்ளிக் கூழைக்கடாப் பறவைகள் தங்கள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.

தோல் டேனரியில் வேலை பார்த்த காலமெல்லாம், ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் இந்த ஏரியில்தான் கிடப்பார்கள். இப்போது நோயில் படுத்திருந்தவர், ஏரி நிரம்பிக் கோடி போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து ஒரு தடவை பரிசலில் போகவேண்டும் என்று வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்கிவிட்டார். யாரும் மசியவில்லை. எழிலரசிதான் வாஹித் பாயின் ஆட்டோவில் அழைத்து வந்தாள். மூச்சு நின்றது தெரிந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் பயம் வந்தது.

வெளியில் உயிர் போன உடலை வீட்டுக்குள் ஏற்றக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். போன மழையில் ஆஸ்பத்திரியில் இறந்த சித்தப்பாவைத் தெருவில் தார்ப்பாய் கட்டித்தான் போட்டார்கள். அதில் கறாராக நின்ற பெரிய மாமா பக்தவச்சலம் இப்போது வீட்டு வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தான் கட்டிய வீட்டுக்குள் நுழைய அப்பாவுக்கு இடமில்லையா?

“பாய், வூட்டுக்குப் போனப்புறம்தான் உயிரு போச்சுன்னு சொல்லிடலாமா?”

வாஹித் பாஷா பரிசலைக் கரைப்பக்கம் திருப்பினார். “எனக்குப் பொய் சொல்ல வராதும்மா. நீ பேசு. நான் தூக்கிக்கறேன்.”

தெருவுக்குள் ஆட்டோ நுழைந்ததும், நாலு பேர் காதில் விழும்படி எழிலரசி அப்பாவைத் திட்ட ஆரம்பித்தாள். உடம்பு இருக்கிற இருப்புக்குப் பரிசல் கேட்கிறதா என்றாள். வாஹித் பாஷா நண்பனை அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டு, மாமாவைத் தாண்டிப் போய்க் கூடத்துக் கட்டிலில் கிடத்தினார். தலையை நிமிர்த்தவில்லை. அப்பா அசந்துவிட்டார், தாகம் என்றார் என்று எழிலரசி சொன்னாள்.

அம்மா மீனாம்பாள் சொம்போடு வந்தாள். கணவரின் கழுத்தைத் தாங்கித் தூக்கிய கை அப்படியே நின்றது. மகளை நிமிர்ந்து பார்த்தாள். ஊருக்குச் சொல்லத் துணிந்த பொய்யை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எழிலரசி யோசித்திருக்கவில்லை.

மாமா எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார். “இன்னா மீனா, மாப்ள தண்ணி குடிக்கறாரா?”

மீனாம்பாள் சொம்பை உதட்டில் சாய்த்தாள். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள்.

“குடிக்கறாருண்ணா.”

மாமா நாற்காலிக்குத் திரும்பினார். சொம்பு காலியாகும்வரை அவள் ஊற்றினாள். பிறகுதான் குரலெடுத்து அழுதாள்.