பூபதி வீட்டு முறை

பழவேற்காடு ஏரியில் எங்கள் ஊருக்குப் பாடு உண்டு. அன்று யார் முறையோ அவர் மட்டுமே வலை இறக்குவார். மற்றவர் கரையில் நிற்பார். அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் இணையதளத்தில் வலை விற்கத் தொடங்கியபோதும் அதையே வைத்துக்கொண்டோம். நானும், ஊரில் இன்னொரு வலை வியாபாரியான பூபதியும் விலை கொடுப்போம்; குறைந்த விலைக்காரனுக்கே ஆர்டர் போகும் அந்த ஏலத்தில் முறைக்காரன் மட்டும் விலையை இறக்குவான். அம்மன் முன்னால் முதலில் வாக்குக் கொடுத்தவன் நான்.

மீன்வளத் துறை நண்டு வலை கேட்டிருந்தது. முறை பூபதியுடையது. என் மருமகள் அமுதவல்லி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். நான் உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"யாரோ இறக்கினே போறாங்க மாமா. இந்த விலை பூபதி அண்ணனுக்குக் கட்டாது, நின்னுட்டாரு போல."

"யாரு அது?"

"பேரு காட்டாது. ஏலம் முடிஞ்சாதான் தெரியும். நாம இறக்கலன்னா வெளியூர்க்காரன் கொண்டு போயிடுவான்."

"முறை நம்மளுது இல்ல."

"இப்டி முறை பேசி வெச்சிக்கிறதே தப்பு மாமா. தெரிஞ்சா ரெண்டு வீட்டையும் தளத்த விட்டே தூக்கிடுவாங்க."

செருப்பை மாட்டினேன். பாடு உள்ளவன் வாயால் விட்டுக்கொடுத்தால் அடுத்தவன் இறக்கலாம். ஆனால் நேரில் போய்க் கேட்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் எவரும் அப்படிக் கேட்டு இன்னொருவர் வாசலில் நின்றதில்லை.

பூபதி செல்போனும் கையுமாக வாசலிலேயே இருந்தான்.

"வாங்க பெரியவரே. சாமி முன்னாடி சொன்ன சொல்லு இவ்ளோதானா? என் முறையில நீங்க இறக்கினு இருக்கீங்க."

"அது என் வீடு இல்ல."

"வேற யாரு, ஏரியில இருக்கிற நண்டா?"

அப்போது அமுதவல்லி அழைத்தாள். "நேரம் போயிடும்னு நானே இறக்கிட்டேன் மாமா. இப்ப நாமதான் கம்மி."

பூபதிக்கு அது கேட்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் ஏலம் முடியும்வரை அவனுக்குத் தெரிந்திருக்காது.

"முன்ன இறக்கினது யாரோ. கடைசியா இறக்கினது என் வீடு," என்றேன். போனில், "இனிமே தொடாத," என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பூபதி செல்போனில் விலையைப் பார்த்தான். பிறகு, "கையைச் சுடும். ஆனா முறை என்னுது," என்று விலையை இறக்கினான்.

சற்று நேரத்தில் திரையில் விலை மறுபடி இறங்கியது. அவன் நிமிர்ந்தான்.

"அது என் வீடு இல்ல," என்றேன்.

அமுதவல்லியைக் கூப்பிட்டு, இறக்கியது அவளா என்று கேட்கப் போனைத் தூக்கினேன். அவன் முன்னால் எப்படிக் கேட்பது? போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றேன்.