வாய்க்குள் கட்டைவிரல்

கட்டைவிரல் அதன் வாய்க்குள் இருக்கிறது, மற்ற விரல்கள் தாடைக்கு வெளியே, வடிவின் வலது கை முழங்கைவரை ஏரித் தண்ணீருக்குள், படகு நகர நகர மீனும் கூடவே வருகிறது, துள்ளவில்லை, கீழ்த்தாடையைப் பிடித்துவிட்டால் பாஸ் என்கிற இந்த ஏரி மீன் அடங்கிவிடும் என்று திரவியம் சொன்னது சரிதான், ஆனால் அதன் பல் உப்புத்தாள் மாதிரி விரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, வெரசாப் போங்க, வெரசாப் போங்க என்று வடிவு பின்னால் திரும்பாமலே கத்துகிறாள், போய்க்கிட்டுதான இருக்கேன், மோட்டாரா மாட்டியிருக்கு என்று பின் இருக்கையில் துடுப்புப் போடும் அவள் கணவன் திரவியம் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறான், எதிர்க்காற்று, படகு இரண்டடி போனால் ஓரடி திரும்புகிறது, எந்த இடத்தில் பிடித்தார்களோ அந்த இடத்தில் இந்த மீனைக் கொண்டுபோய் விட வேண்டும், தாமதமானால் அங்கே இருக்கும் இதன் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும், விஷயம் இவ்வளவுதான், இதற்காக தோளுக்கு மேல் வளர்ந்த மகனைப் பெற்ற ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் வட கரோலினாவில் ஓர் ஏரி நடுவில் உட்கார்ந்து அழுகிறாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், அவளே நம்பவில்லை, துடுப்புத் தண்ணீர் முகத்தில் தெறித்ததாகவே நினைத்துக்கொள்கிறாள்.

திரவியத்துக்கு வருஷம் ஒரு கிறுக்குப் பிடிக்கும், ஒரு வருஷம் தொலைநோக்கி வாங்கி நிலாவைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாமல் பெட்டியில் வைத்தான், இன்னொரு வருஷம் ரொட்டி சுடுகிறேன் என்று மாவைப் புளிக்கவைத்து வீடெல்லாம் கள்ளுக்கடை வாசம், இந்த வருஷம் கயாக், இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரும் பச்சைப் பிளாஸ்டிக் படகு, தனித்தனியா ரெண்டு வாங்கியிருக்கலாமே என்று அவள் கேட்டபோது, தனிப் படகுன்னா நீ பாட்டுக்குத் திரும்பிக் கரைக்குப் போயிருவட்டி என்றான், போயிருப்பாள்தான். முதல் நாள் கரையோரத்திலேயே கவிழ்ந்தார்கள், அவன் எழுந்து நின்று தூண்டில் வீசப் பார்த்தான், விழுந்துராதீங்க என்று அவள் வெடுக்கெனத் திரும்பினாள், திரும்பியதில் இரண்டு பேரும் விழுந்தார்கள், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு யார் தப்பு என்று சண்டை போட்டார்கள், வாத்துகள் வேடிக்கை பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது, இடுப்பு சாயும் பக்கம்தான் படகும் சாயும், கையை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், தலை மட்டும் படகின் ஓரத்தைத் தாண்டக் கூடாது, மீன் கடித்தால் பக்கவாட்டில் வெட்டி இழுக்கக் கூடாது, கரையில் நிற்பவன் மீனை இழுக்கிறான், கயாக்கில் இருப்பவளை மீன் இழுக்கிறது, ஒரு முழ மீன் இரண்டு ஆளையும் படகையும் தான் போகிற பக்கமெல்லாம் இழுத்துக்கொண்டு போவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, எதையும் பிடித்துவைக்க வேண்டாம், கூடப் போனால் போதும். பிடித்த மீனைத் திரும்ப விடுவது மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை, அம்பாசமுத்திரத்துக்காரி, ஆற்று மீன் குழம்பில் வளர்ந்தவள், கைக்கு வந்த மீனைத் தண்ணீரில் விடுவது உலையில் போட்ட அரிசியைத் திரும்ப அள்ளுவது மாதிரி இருந்தது, நாம சாப்பிடவா வந்தோம், விளையாட வந்திருக்கோம் என்பான் அவன், மீனுக்கு இது விளையாட்டுன்னு யாரு சொன்னா என்பாள் இவள்.

இன்று காலை அவளுக்கு விளையாட்டில் கவனமில்லை, நேற்று சென்னையிலிருந்து தம்பி சங்கரபாண்டி பேசியிருந்தான், ஊருல அப்பா திரும்ப மயங்கி விழுந்துட்டாருக்கா, பின்கட்டுல, பால்காரரு பாக்கலேன்னா என்னாயிருக்கும், சமையல்காரம்மாவ விரட்டிட்டாரு, பகல்ல பாத்துக்க வந்த பையனையும் விரட்டிட்டாரு, எங்கூட மெட்ராசுக்கு வந்துருங்கன்னா வீட்டப் போட்டுட்டு எங்கயும் வரமாட்டேங்காரு, நீ சொன்னா கேப்பாரு, நீ சொன்னா மட்டுந்தான் கேப்பாரு, நாளைக்குச் சொல்லிருக்கா, நான் கார் எடுத்துட்டு வந்து கூட்டிட்டு வந்துருதேன். சரி என்று சொல்லிவிட்டாள், ஆனால் அவள் சொன்னால் அப்பா கேட்பார் என்பதுதான் பயம், கேட்காத மனுஷனிடம் எதையும் சொல்லிவிடலாம், அந்த வீட்டிலிருந்து அவரைப் பிடுங்கி எடுக்கிற கை தன்னுடைய கையாக இருக்க வேண்டுமா என்று இரவெல்லாம் புரண்டாள், காலையில் திரவியம் வாட்டி, ஏரிக்குப் போயிட்டு வந்து பேசிக்கிடலாம் என்றான், வந்தாள்.

விழுந்து கிடந்த மரம் ஒன்றின் பக்கத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரில், அடியில் வட்டமாகக் கூட்டிப் பெருக்கின மாதிரி வெளுத்த இடம், அதன் மேல் இந்த மீன் அசையாமல் நின்றது, இவ்வளவு சுலபமாக ஒரு மீன் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை, ரப்பர்ப் புழுவைப் போட்டாள், மீன் அதை வாயில் கவ்விக் கொஞ்ச தூரம் கொண்டுபோய்த் துப்பிவிட்டு வந்து நின்றது, திரும்பப் போட்டாள், திரும்பத் துப்பியது, அடுத்த தடவை கோபத்தோடு வந்து ஒரே கடி, தூண்டில் வில்லாக வளைந்தது, படகை மரத்தடியிலிருந்து நடு ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனது, அவள் தன்னை மறந்து சிரித்தாள், படம் எடுங்க, பாண்டிக்கு அனுப்பணும் என்றாள், திரவியம் செல்போனை உறையிலிருந்து எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சம் பார்த்து, இன்னும் கொஞ்சம் தூக்கு என்று சொல்லி, அதற்குள் காற்று படகை இன்னும் தள்ளிவிட்டது. படம் எடுத்தவன்தான் முதலில் கவனித்தான், ஏட்டி, இத நல்லாப் பாரு, தலை இவ்வளவு பெருசு, வயிறு ஒட்டிக் கெடக்கு, வாலெல்லாம் தேஞ்சு ரத்தம் கட்டியிருக்கு, இது ஆம்பள மீனுட்டி, குஞ்சுக்குக் காவல் நிக்கது, வாலால மண்ணக் கூட்டி எடம் பண்ணுறது இதுதான், பொம்பள மீனு முட்டையப் போட்டுட்டு ஆழத்துக்குப் போயிரும், இது திங்காம கொள்ளாம அங்கனயே நிக்கும், பக்கத்துல எது வந்தாலும் விழுந்து கடிக்கும், பசிக்குக் கடிக்கல, விரட்டுததுக்குக் கடிச்சிருக்கு, என்று படித்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டு, அப்படியே நம்ம மாமாதான் என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அப்பா பெயர் சிவனணைந்தான், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், ஊரில் கேட்டால் யாரும் சொல்வார்கள், அந்த ஆளா, வாயைத் திறந்தால் வள்ளென்று விழுவார், கூட்டாஞ்சோறு கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவிடம் எம்புள்ளைகளுக்குச் சோறில்லன்னு யாரு ஒங்ககிட்ட சொன்னா என்று விழுந்தார், வடிவை வெயிலில் நிற்கவைத்த வாத்தியாரிடம் மின்கம்பத்தில் ஏறுகிற இடுப்புக் கயிற்றோடு போய் நின்றார், கல்லூரிக் காலத்தில் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த திரவியத்தைத் தெருமுனைவரை விரட்டினார், இவன் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினான், சைக்கிள் இரண்டு நாள் அவர்கள் வீட்டு வாசலில் பூட்டாமலே நின்றது, வெட்கத்தில் அவள் செத்துப் போனாள், ஏன் இந்த மனுஷன் எல்லோரையும் இப்படிக் கடித்துக் குதறுகிறார் என்று எத்தனை நாள் தலையணைக்குள் அழுதிருக்கிறாள். குளத்தில் விரால் குஞ்சுகள் சிவப்பாக மொய்க்கும் இடத்தில் தவளையைக் கட்டிப் போட்டால் தகப்பன் விரால் பாய்ந்து வந்து மாட்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், தெரிந்தும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அப்பாவை அந்தத் தண்ணீரில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை, அம்மா செத்து, தூக்கிக்கொண்டு போன அன்று வீட்டில் நிற்க இடமில்லை, உறவெல்லாம் வந்து மொய்த்துக் கிடந்தது, மதுரைப் பெரியம்மை பொட்டப்புள்ளைய நான் கொண்டுபோறேன், தூத்துக்குடி மாமா பையன் எங்ககூட இருக்கட்டும், நீ சின்ன வயசு, வேற ஒருத்தியப் பாரு, பேசிப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள், பெரியம்மை அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது எங்கிருந்தோ அப்பா வந்தார், எம்புள்ள எங்கயும் வராது, கைய எடு, அந்தச் சத்தத்தில் அழுகையெல்லாம் நின்றுபோனது, அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார், அவளுக்கு யார் மேல் என்று தெரியாத கோபம், கைக்கு அகப்பட்டது அப்பாவின் கட்டைவிரல், வாயில் வைத்து வெறிகொண்டு கடித்தாள், ரத்தம் உப்புக் கரித்தது, அப்பா விரலை இழுத்துக்கொள்ளவில்லை, கடிட்டி, நல்லாக் கடி என்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார், அப்படியே தூங்கிப்போனாள்.

திருப்புங்க படக, இத அங்கனயே கொண்டுபோயி விடணும் என்றாள், அதுவாப் போயிரும்ட்டி என்றான், திருப்புங்கன்னு சொல்லுதேன்லா என்று அவள் வள்ளென்று விழுந்தாள், அவன் திருப்பினான், அப்படித்தான் இந்த எதிர்க்காற்றில் போகிறார்கள், மீன் அவள் கையோடு வருகிறது, ஆனால் கரையெங்கும் விழுந்த மரங்கள், எந்த மரம், இதுவா, இல்ல அதுவா, வெயில் தண்ணீர் மேல் பளபளத்து அடி தெரியவில்லை, எடம் தெரியலியே, எடம் தெரியலியே என்று அவள் புலம்புகிறாள், அப்போது திரவியம் துடுப்பை நிறுத்தி, அங்கன பாரு என்கிறான், ஒரு மரத்தின் அருகே உள்ளங்கை அகல மீன்கள், வயிறு மஞ்சளாக, இருபதோ முப்பதோ, தலையைக் கீழே குத்தி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு மொய்க்கின்றன, பந்திக்கு முந்துகிற கூட்டம் மாதிரி, அந்தக் கூட்டம்தான் அடையாளம் சொன்னது, போங்க, போங்க, இடது கையால் துடுப்பை வாங்கித் தண்ணீரை ஓங்கி அடிக்கிறாள், படகு ஆடுகிறது, தலை ஓரத்தைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிற்று, திரவியம் தன் இடுப்பை மறுபக்கம் சாய்த்துச் சமாளிக்கிறான், கூட்டம் சிதறி ஓடுகிறது, வெளுத்த வட்டத்தின் மேல் மிளகைத் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள், உயிரோடு அசைகிற புள்ளிகள், கொஞ்சம் மிச்சம் இருந்தன.

விரலை எடுத்தாள். மீன் நகரவில்லை, செவுளை அசைத்துக்கொண்டு சும்மா நின்றது, செத்துப்போச்சா என்று கேட்டாள், பொறு என்றான், ஒரு சின்ன மீன் தைரியமாகத் திரும்பி வந்து வட்டத்துக்குள் மூக்கை நீட்டியது, அவ்வளவுதான், இது பாய்ந்த வேகத்தில் தண்ணீர் கலங்கியது, அதை விரட்டி, அடுத்ததை விரட்டி, சுற்றி ஒரு வட்டம் அடித்து, கடைசியில் நேராக அவளை நோக்கி வந்து துடுப்பின் முனையில் ஒரு முட்டு, தன்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவள் என்ற மட்டு மரியாதை எதுவும் இல்லை, டங் என்று சத்தம் கேட்டது, திரவியம் சிரித்தான், அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், இந்த முறை தண்ணீர் தெறித்தது என்று சொல்லிக்கொள்ளவில்லை. குஞ்செல்லாம் பெருசானா இது என்ன செய்யும் என்று கேட்டாள், அதுக பெருசாயிக் கலஞ்சு போயிரும், இதுவும் ஆழத்துக்குப் போயித் திங்க ஆரம்பிக்கும், போகாம வெறும் எடத்துல நின்னா பட்டினியில செத்துரும் என்று அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்தான், காற்று இப்போது பின்னாலிருந்து தள்ளியது, கரைக்கு வர நேரமே ஆகவில்லை.

கரை மணலில் உட்கார்ந்து செல்போனில் கட்டைவிரலை வைத்தாள், திறக்கவில்லை, துடைத்துவிட்டு வைத்தாள், அப்போதும் திறக்கவில்லை, மீன் ரேகையையே தேய்த்துவிட்டிருந்தது, எண்களைத் தட்டித் திறந்து அப்பாவைக் கூப்பிட்டாள், ஊரில் அப்போது விளக்கு வைக்கிற நேரம், மணி வெகுநேரம் அடித்தது, யாரு என்றார் அப்பா, அந்த ஒரு சொல்லிலேயே ஓர் ஆளை வாசலோடு திருப்பி அனுப்பிவிடலாம், நாந்தாம்ப்பா, வடிவு, என்னட்டி, பாண்டி சொல்லிக் குடுத்தானா, வீட்டப் போட்டுட்டு வரச் சொல்லித்தான பேசுத, சொல்லு, நீயும் சொல்லு. வயசாகிவிட்டது, மருத்துவமனை பக்கம், பேரப்பிள்ளைகள் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை, அப்பா, போதும்ப்பா என்றாள், என்ன போதும் என்றார், எங்கள யாரும் தூக்கிட்டுப் போவலப்பா, மதுரைப் பெரியம்மையால முடியல, யாராலயும் முடியல, நானும் பாண்டியும் நல்லா வளந்துட்டோம், நீங்க விரட்டுனது போதும்ப்பா, வீட்டுல இப்பம் யாரும் இல்ல, நீங்க மட்டுந்தான் சாப்புடாம நிக்கீங்க, வந்துருங்க. அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது, தெருவில் ஒரு சைக்கிள் மணி, அவள் திட்டுக்குக் காத்திருந்தாள், வள்ளென்று விழட்டும், விழுந்தால்கூட நல்லதுதான் என்று இருந்தது. அப்பா தொண்டையைச் செருமினார், பாண்டிய மெதுவா ஓட்டச் சொல்லு, கங்கைகொண்டான் பக்கம் லாரிக்காரனுவ கண்ணுமண்ணு தெரியாம வாரானுவ, இவனுக்கும் கூறு கெடையாது, நீயே அவங்கிட்டச் சொல்லிரு, நான் சொன்னாக் கேக்கமாட்டான், என்றார். சரிப்பா, சொல்லுதேன் என்றாள், இரண்டு பேரும் போனை வைக்கவில்லை, திரவியம் படகைக் கார் மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறான், அவள் செல்போனைக் காதோடு வைத்தபடி ஏரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், விரல் எரிகிறது, தன்னை அறியாமல் அதை வாயில் வைத்துக்கொள்கிறாள், ஏரி மணலும் கொஞ்சம் ரத்தமும், உப்புக் கரிக்கிறது.