நீச்சலுடைப் பெட்டிக்குள் ஒரு கோட்டு

பணக்கார வீட்டுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் கிழிசலைத்தான் போட்டுக்கொள்வார்கள் என்பது எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த பிறகுதான் டெமி ஸ்டாதர்டுக்குத் தெரிந்தது. முழங்கையில் ஓட்டை விழுந்த அப்பாவின் கம்பளிச் சட்டை. தாத்தா வாத்து சுடப் போகும்போது போட்டிருந்த, மெழுகு பூசிய மேலங்கி. அவளோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த நான்கு பெண்களும் அப்படித்தான் திரிந்தார்கள். புதுக் கோட்டுக்கு ஏங்கியவள் இவள் ஒருத்திதான். அவர்கள் கிழிசல் போட்டால் அது ரசனை. இவள் கிழிசல் போட்டால் அது கிழிசல்.

இவளுடைய ஏக்கம் முழுக்க ஒரே துணிக்கடையில் இருந்தது. லாரிமர். ஊருக்கு ஊர் கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒரு லாரிமர் இருக்கும். டெமி வளர்ந்த துறைமுக ஊரான கிரிம்ஸ்பியில் இருக்கும் லாரிமரில்தான் டெமியின் அம்மா லொரேன் வேலை பார்த்தாள். டெமி தள்ளுவண்டியில் கிடந்த காலத்திலிருந்தே அங்கேதான். அப்பா வேறொருத்தியோடு போய்விட்ட பிறகு அந்த வீட்டுக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்த வேலை. வாடகையும் அதிலிருந்துதான், டெமி வக்கீலுக்குப் படிப்பதும் அதிலிருந்துதான்.

வீட்டிலேயே செல்வாக்கானவள் காஸிமா. மாணவர்களின் இணையப் பத்திரிகையில் உடைப் பக்கம் அவள் பொறுப்பு. நவம்பரில் ஒரு நாள் சமையலறையில் தேநீரோடு வந்து டெமியின் எதிரே உட்கார்ந்தாள்.

"டெமி, எனக்கு ஒண்ணு எழுதிக் குடேன். இந்தக் குளிருக்கு என்னென்ன வாங்க ஆசைன்னு. எல்லாரும் பழைய துணி, பழைய துணின்னே எழுதித் தள்றாங்க. நீ சாதாரணக் கடை ஏதாவது ஒண்ண எடுத்து எழுது."

"சாதாரணம்னா?"

"அய்யோ, தப்பா எடுத்துக்காத. உண்மையா இருக்கும்னு சொல்றேன்."

டெமிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட மனம் வரவில்லை. "லாரிமர்ல ஒரு கோட்டு இருக்கு. பாட்டில் பச்சை. முட்டிக்குக் கீழ வரைக்கும் வரும். ஆனா அத நான் வாங்கப் போறதில்ல. எங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்காங்க."

"ஒளிச்சு வெச்சிருக்காங்களா?" அடுப்பருகே நின்ற இமோஜன் திரும்பிப் பார்த்தாள்.

டெமி சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பெரிய தள்ளுபடி. அதுவரை நல்ல துணி எதுவும் மிஞ்சாது, வேண்டிய அளவு தீர்ந்துபோகும். அதனால் கடையில் இருப்பவர்கள் ஆளுக்கொன்றைக் கண்காணாமல் பதுக்கிவைப்பார்கள், தள்ளுபடி தொடங்கியதும் எடுத்துவந்து பில் போடுவார்கள். சிலர் குழந்தைத் துணிக்கு நடுவில் மாட்டுவார்கள். அம்மா அவர்களையெல்லாம் விடக் கெட்டிக்காரி. கிடங்கில் நீச்சலுடைப் பெட்டிக்கு அடியில் வைப்பாள். நவம்பரில் கிரிம்ஸ்பியில் நீச்சலுடை தேடி எவள் வருவாள்?

சமையலறை சிரிப்பில் அதிர்ந்தது. இரண்டு வருடமாக அந்த அறையில் டெமி பேசியது, குப்பை எடுக்க வரும் நாளைப் பற்றியும் தன் பாலாடைக்கட்டியை யார் தின்றது என்பதைப் பற்றியும் மட்டும்தான். முதல் தடவையாக நான்கு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். அம்மா எப்படி அக்கம்பக்கம் பார்ப்பாள், வயிற்றை எக்கிக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவில் எப்படி நுழைவாள் என்று நடித்தும் காட்டினாள். இமோஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத அப்படியே எழுது," என்றாள் காஸிமா. "உங்கம்மா தங்கம்டி."

டெமி எழுதினாள். பச்சைக் கோட்டு, உள்ளே பஞ்சு வைத்த காலுறை, ஒயின் நிறத்தில் கம்பளித் தொப்பி, முட்டி வரைக்கும் வரும் பூட்ஸ். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, கோட்டுக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி. அந்தப் பத்தியில் துணியைப் பற்றி ஒன்றும் இல்லை, எல்லாம் அம்மாவைப் பற்றித்தான். நீச்சலுடைப் பெட்டி, எக்கிய வயிறு, எல்லாம். மேலே அவளுடைய முழுப்பெயர். ஸ்டாதர்ட் என்ற பெயரில் லாரிமரில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அது இரகசியம் என்றே அவள் நினைக்கவில்லை. அவள் வளர்ந்த தெருவில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

காஸிமா அதை வெளியிட்டபோது கடையின் பெயரையும் கோர்த்து, கடைக்காரர்கள் கண்ணில் படும்படி போட்டாள். மறுநாளே லாரிமரின் இணையப் பக்கத்தில் அது வந்துவிட்டது. 'எங்கள் மாணவத் தோழியின் குளிர்கால ஆசைகள்' என்று மேலே எழுதி, இதயம் எல்லாம் போட்டிருந்தார்கள். யாரோ ஒரு சின்னப் பெண் தலைப்பையும் படத்தையும் மட்டும் பார்த்துவிட்டுப் போட்டிருப்பாள். ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். டெமி அன்று விரிவுரைக்குப் போகும்போது இரண்டு பேர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மாவுக்கும் அனுப்பினாள். அம்மாவிடமிருந்து சாயங்காலம் பதில் வந்தது: ரொம்ப நல்லா எழுதியிருக்க கண்ணு. அவ்வளவுதான். களைப்பாக இருப்பாள் என்று டெமி நினைத்துக்கொண்டாள்.

டிசம்பரில் விடுமுறை விட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா போனில், "ஸ்டேஷனுக்கு வர முடியாதுடி, வேல ஜாஸ்தி. நேரா வீட்டுக்கு வந்துரு. எங்கயும் நிக்காத, குளிரு," என்றாள்.

டெமி நின்றாள். கிரிம்ஸ்பியில் இறங்கியபோது மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் இருட்டிவிட்டது. கடலிலிருந்து ஈரக்காற்று எலும்புக்குள் ஏறியது. அம்மாவைத் திகைக்கவைக்கலாம் என்று பயணப்பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே லாரிமருக்குப் போனாள்.

பணப்பெட்டியருகே அம்மா இல்லை, பெவ் இருந்தாள். பெவ் அம்மாவோடு அந்தக் கடையில் கூடவே நரைத்தவள், டெமியின் முதல் பள்ளிச் சீருடைக்கு விளிம்பு மடித்துத் தைத்தவள். டெமியைப் பார்த்ததும் அவள் சிரிக்கவில்லை.

"அம்மா எங்க, பெவ் அத்தை? கிடங்குலயா?"

பெவ் கையில் இருந்த சட்டையை மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள். "உன்கிட்ட சொல்லலியா அவ?"

"என்னத்த?"

"அவ இங்க இல்லடி. மூணு வாரமாச்சு. தொறைமுகத்துல மீன் கம்பெனிக்குப் போறா. காலைல அஞ்சுக்கே போயிடறா."

டெமிக்கு விளங்கவில்லை. பெவ் பக்கத்துப் பெண்ணிடம் பணப்பெட்டியை விட்டுவிட்டு, டெமியின் கையைப் பிடித்து உடை மாற்றும் அறைப் பக்கம் கூட்டிப்போனாள்.

"நீ எழுதினத கடைப் பக்கத்துல போட்டாங்கல்ல. அப்புறம் மேல எவனோ உக்காந்து முழுசா படிச்சிருக்கான். விக்கிற துணிய ஒளிச்சு வெக்கறது திருட்டுக்குச் சமம்னு எங்க ஒப்பந்தத்துல இருக்கு. எல்லாரும்தான் வெக்கறோம். எவளும் பத்திரிகைல போடறதில்ல."

"கோட்டு அங்க இருந்துச்சா?"

"எங்க இருந்துச்சு? நான் காலைலயே போன்ல படிச்சுட்டேன். பக்குன்னுச்சு. ஓடிப் போய் எடுத்து வெளிய மாட்டிட்டேன். தலைமை அலுவலகத்துலருந்து ரெண்டு பேரு வந்து எங்க எல்லார் முன்னாடியும் பெட்டியக் கவுத்தானுங்க. வெறும் நீச்சலுடை. கைல ஒரு ஆதாரமும் இல்ல. பொண்ணு சும்மா கத விட்டிருக்கான்னு உங்கம்மா ஒரு வார்த்த சொல்லியிருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும். மேனேஜர் ஹேஸலே வாய்ல எடுத்துக் குடுத்தா, பாவம். 'சின்னப் பொண்ணு, வேடிக்கைக்கு எழுதியிருப்பா, இல்லியா லொரேன்?'னு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

பெவ் அவளைப் பார்க்காமல் திரைச்சீலையை ஒழுங்குபடுத்தினாள். "என் பொண்ணு எழுதினதுல பொய் கிடையாதுன்னா."

டெமி பயணப்பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு மாடிக்குப் போனாள். மேலாளர் ஹேஸல் சின்ன அறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். நல்லவள்தான். நல்லவர்களை வைத்துத்தான் இந்த மாதிரிக் காரியங்களைச் செய்விக்கிறார்கள் என்று டெமிக்குத் தோன்றியது.

"நான்தான் பொய் எழுதினேன்," என்றாள் டெமி. "சிரிக்க வெக்கறதுக்காக. அம்மா எதையும் ஒளிச்சு வெக்கல."

ஹேஸல் ரொட்டியைக் கீழே வைத்தாள். "உக்காரும்மா."

"நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். எங்க வேணா சொல்றேன்."

"உங்கம்மா இதே நாற்காலிலதான் உக்காந்திருந்தாங்க. நான் மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் ஒரே பதில். அதத்தான் எழுதி அனுப்பியிருக்கோம்." அவள் குரலில் கோபம் இல்லை. "இப்ப நீ வந்து பொய்ங்கற. நான் இத மேல அனுப்பினா, அங்க ரெண்டு விஷயம் யோசிப்பாங்க. அம்மா பொய்யா, பொண்ணு பொய்யா. நீ வக்கீலுக்குப் படிக்கறேன்னு லொரேன் சொல்லாத நாள் இல்ல. உன் பேர்ல அப்படி ஒண்ணு எழுத்துல இருக்கணுமா?"

"அதப் பத்தி எனக்குக் கவலையில்ல."

"அவளுக்குக் கவலையா இருந்துச்சே," என்றாள் ஹேஸல். "வேலைய விட அதான் பெருசுன்னு அவ நெனச்சா. நான் என்னம்மா பண்றது?"

டெமி படியிறங்கி வந்து பயணப்பெட்டியை எடுத்துக்கொண்டாள். பெவ் ஏதோ சொல்லக் கூப்பிட்டாள், அவள் நிற்கவில்லை. தெருவில் நடந்துகொண்டே விறைத்த விரல்களால் காஸிமாவுக்குச் செய்தி அனுப்பினாள். அதை எடுத்துவிடு, அம்மாவுக்கு வேலை போய்விட்டது. உடனே பதில் வந்தது: அய்யோ கொடுமை, இப்பவே எடுத்துடறேன். பிறகு இன்னொன்று: இந்த வருஷமே அதிகம் பேர் படிச்சது உன்னோடதுதான் தெரியுமா, பாவமா இருக்கு. பிறகு மூன்றாவதாக, அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

பல்லைக் கடித்துக்கொண்டு போனைச் சட்டைப்பைக்குள் திணித்தாள். காஸிமாவைத் திட்ட வேண்டும் போலிருந்தது. என்னவென்று திட்டுவது? அவள் கேட்டாள், இவள் கொடுத்தாள். அந்த வீட்டில் தன் கையில் இருந்த ஒரே சரக்கு அம்மாதான் என்பதுபோல் எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மீன் வாடையும் அதன்மேல் தோய்க்கும் ரொட்டித்தூளின் வாடையும் வந்தன. லொரேன் சமையலறை மேசையில், கழற்றாத பூட்ஸோடு உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் சிவந்து வெடித்திருந்தன. மகளின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"நேரா வீட்டுக்கு வான்னுதான சொன்னேன்."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"எதைடி?"

"பொய்னு சொல்லியிருக்கலாம்ல. ஒரே ஒரு வார்த்த."

லொரேன் எழுந்து கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். "சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். தலைமை அலுவலகத்துலருந்து வந்த ஆளு நீ எழுதினத அச்சடிச்சு கைல வெச்சிருந்தான். மேல உன் பேரு, நம்ம பேரு. நம்ம வீட்ல யாரு பேரு அச்சுல வந்திருக்கு சொல்லு. உங்க தாத்தா பேரு வந்துச்சு, படகு முழுகினப்ப. அதப் பாத்துக்கிட்டே, இது பொய்ன்னு எப்படிச் சொல்றது?" கெட்டிலைச் சூடேற்றும் பொத்தானை அழுத்தினாள். "வாய் வரலடி. அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் இல்ல."

"பெருசா ஒண்ணும் இல்லியா?"

"மீன் கம்பெனில சம்பளம் தராமலா இருக்கான்? குளிருதான் கொஞ்சம் ஜாஸ்தி. உள்ள ரெண்டு காலுறை போட்டுக்கிட்டா தீந்துச்சு. நீ அழாத. அழுதா எனக்கும் வந்துரும், நான் காலைல எழுந்திருக்கணும்."

டெமி அழவில்லை. தன் பழைய கோட்டைக் கழற்றாமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கொதித்தது. லொரேன் இரண்டு கோப்பையில் ஊற்றி, ஒன்றை மகள் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்து, தன் கோப்பையைக் கையில் வைத்துச் சூடு காய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தப் புள்ளைங்க, உன்கூட இருக்கறவங்க. அதப் படிச்சு சிரிச்சாங்களா?"

இல்லை என்ற வார்த்தை டெமியின் நாக்குக்கு வந்துவிட்டது. ரசிச்சாங்கம்மா, உன்ன ரொம்பப் புடிச்சிருக்குன்னு சொன்னாங்க. அதைச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவள், மகள் பொய் சொல்ல மாட்டாள் என்பதற்காக மீன் நாற்றத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"சிரிச்சாங்கம்மா."

லொரேன் தலையாட்டினாள். "எந்த இடத்துல?"

"நீ வர்ற இடத்துல."

"எல்லா இடத்துலயுமா?"

"ஆமா."

லொரேன் கோப்பையை மேசையில் வைத்தாள். பிறகு தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள், பார்த்தது தெரியாமல் இருக்கச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். "நானும் மொதல்ல படிச்சப்ப சிரிச்சேன்," என்றாள் கடைசியில். "கடைல எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். பாதில பெவ் என் கையப் புடிச்சு நிறுத்தினா."

டெமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"டீ ஆறுது," என்றாள் அம்மா. "குடி."