ஏழு நாடுகளும் ஒரு மரச் சுத்தியலும்

எங்கள் தெருவில் ஜன்னலுக்குத் திரை போடும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஒளிக்க ஒன்றுமில்லாத மனிதர்கள் என்று போகிறவர் வருகிறவருக்குக் காட்டிக்கொள்ள வேண்டுமே. தெருவிலேயே பெரிய ஜன்னல் வீபே ஹூக்ஸ்த்ராவின் வீட்டு ஜன்னல். டச்சுக்காரன் முகத்துக்கு நேரே பேசுகிறவன் என்று உலகமே சொல்கிறது. வீபேக்கு அதுவே சம்பளம். நகராட்சி ஊழியர்களுக்கு ‘நேர்மையான உரையாடல்’ என்று ஒரு பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். சொல்ல வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு என்பது அவனுடைய முதல் பாடம்.

அந்தக் கோடையில் அவன் மனைவி யோரினையும் இரண்டு பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் கூடாரம் அடித்துத் தங்கி, ஜெர்மனியில் தொடங்கி பெல்ஜியம் வழியாகத் திரும்பும் ஏழு நாட்டுப் பயணம் போவதென்று முடிவு செய்தான். அவர்களுக்கு இதுதான் முதல் கூடாரப் பயணம். ‘எளிமையை நோக்கிய நகர்வு’ என்று அதற்கு அவன் பெயர் வைத்திருந்தான். ஓட்டலில் தங்கக் காசில்லை என்று யோரின் அதையே சுருக்கமாகச் சொன்னாள். விலைவாசிக்குப் பயந்து சுவிட்சர்லாந்தைச் சுற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு பாலாடைக்கட்டி, காபித்தூள், கழிவறைத் தாள் உட்பட எல்லாம் வீட்டிலிருந்தே. இத்தாலிக்குப் போய் நம் ஊர் உருளைக்கிழங்கை அவித்துத் தின்பதில் எங்களில் யாருக்கும் கூச்சம் கிடையாது.

சிக்கல் எல்லாம் அண்ணன் ஹார்மென்தான். பால் லாரி ஓட்டுகிறவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு கோடையிலும் வீபே குடும்பம் காட்டோரமாக ஒரு மர வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கும். ஹார்மெனும் தன் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அவரை யாரும் அழைத்ததில்லை. வர வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை. நல்ல மனிதர், படுக்கும்வரை. படுத்துவிட்டால் அவருடைய குறட்டையில் அலமாரிக் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

“மரச் சுவர் இருந்தப்பவே நான் தூங்கினதில்ல. இப்ப நடுவுல வெறும் துணி,” என்றாள் யோரின். “உன் அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு. ஊருக்கே பாடம் எடுக்கிறவன்தானே.”

சொல்லிவிடுகிறேன் என்றான் வீபே. அதற்கு வசதியாக ஹார்மெனின் பிறந்தநாளும் வந்தது. சொந்தபந்தமெல்லாம் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு துண்டு கேக்கை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது ஹார்மெனே பேச்சை எடுத்தார்.

“அப்புறம் வீபே, இந்த வருஷம் நாம எங்க போறோம்?”

அந்த ‘நாம’ இல்லாதிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பான். வாயைத் திறந்தான். வீட்டைச் சூடாக்க வெப்பப் பம்பு பொருத்தப் போவதாகவும், அதிலேயே இருந்த காசெல்லாம் கரைந்துவிட்டதாகவும், இந்த வருடம் எங்கேயும் போகவில்லை என்றும் வார்த்தைகள் தாமாக வந்து விழுந்தன. ஹார்மென் எழுந்து வந்து, இன்னொரு துண்டு கேக்கை அவன் தட்டில் வைத்தார். அந்தக் குடும்பத்தில் இரண்டாம் துண்டு யாருக்கும் கிடைத்ததாக எவருக்கும் நினைவில்லை. வீபேக்கு அதைத் தின்ன மனமே வரவில்லை. ஆனாலும் வீணாக்காமல் தின்றுமுடித்தான்.

அடுத்து கூடாரம் வந்தது. யாரோ பயன்படுத்திய பழைய பருத்திக் கூடாரம், பாதாள அறை வாசனையோடு. கம்பிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒரு முறை அடித்துப் பார்க்காமல் வேறு நாட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? சனிக்கிழமை தோட்டத்தில் விரித்தார்கள். வீபே உள்ளே நுழைந்து நடுக்கம்பியைத் தூக்கினான். மொத்தக் கூடாரமும் அவன்மேல் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பின்வாசல் கதவைச் சைக்கிளாலேயே தள்ளிக்கொண்டு, ஒரு கூடை ஸ்ட்ராபெர்ரியோடு ஹார்மென் வந்து நின்றார். எங்கள் ஊரில் கூடப் பிறந்தவர்கள்கூட நாள் குறித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார்கள் என்பதால், யாரும் அவரை எதிர்பார்க்கவில்லை.

“என்னடா இது?” என்றார் துணிக் குவியலைப் பார்த்து.

முகத்துக்கு நேரே பேச வேண்டும் என்பதுதான் விதி. வீபேயின் முகமோ துணிக்குள் இருந்தது. “பசங்களுக்காக,” என்றது குவியல். “எங்கயும் கூட்டிட்டுப் போக முடியலையே. அதான், லீவுக்கு இங்க தோட்டத்துலயே தங்கலாம்னு.”

ஹார்மென் ஸ்ட்ராபெர்ரிக் கூடையைப் புல்லில் வைத்தார். பிறகு, நல்ல காரியம் செய்கிறாய் என்று சொல்லிவிட்டு, துணியின் ஒரு முனையைத் தூக்கித் தம்பியை வெளியே இழுத்தார். வீபேயின் முகம் சிவந்திருந்தது. உள்ளே காற்றில்லை என்று காரணம் சொன்னான்.

அன்றிலிருந்து ஹார்மென் ஒவ்வொன்றாகக் கொண்டுவரத் தொடங்கினார். முதலில் குளிர்ப்பெட்டி. பிறகு கேஸ் அடுப்பு, விளக்கு, நான்கு காற்று மெத்தைகள். கடைசியாக ஒரு மரச் சுத்தியல். இரும்பால் அடித்தால் கூடாரத்து முளை வளைந்துவிடும் என்று எச்சரிக்கையும் கூடவே. தோட்டத்தில் தங்கும் ஏழைத் தம்பிக்கு அவர் கொடுத்ததெல்லாம், ஏழு நாட்டுக்குத் தம்பி வாங்க வேண்டியிருந்த சாமான்கள். ஒவ்வொன்றும் வந்து இறங்கும்போது வீபேயின் நெஞ்சு சுருக்கென்றது; ஒரு செலவு மிச்சம் என்றும் அதே நெஞ்சுக்குத் தோன்றியது. எது முதலில் தோன்றியது என்று அவன் ஆராயாமல் விட்டான்.

“அவர் சாமானையே தூக்கிக்கிட்டு, அவரை விட்டுட்டுப் போகப் போறோம்,” என்றாள் யோரின். “எனக்கே சகிக்கல. குறட்டையே பரவாயில்லன்னு தோணுது.”

நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றான் வீபே. நேரம் பார்ப்பது கோழைத்தனம் என்பது அவனுடைய மூன்றாம் பாடம்.

பெரியப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் உத்தரவு. இது பொய் அல்ல, இன்னும் சொல்லாத உண்மை என்று மகள் ஃபென்னாவுக்கு அவன் விளக்கினான். அவளுக்குப் பத்து வயது.

“அப்ப நான் கணக்கு போடாம தூங்கினது? அதுவும் இன்னும் சொல்லாத உண்மைதானாப்பா?”

அவனால் கோபப்படக்கூட முடியவில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது நகராட்சி அலுவலகத்தில் என்னவோ மாறியது. வீபே உள்ளே வந்தால் பேச்சு நின்றது. யாரோ அவன் மேஜையில் ஒரு பை நிறையக் குழந்தைத் துணிகளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மேலதிகாரி அவன் தோளைத் தொட்டு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். எதில் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் தெரிந்தது. வீட்டுத் தோட்டத்தில், பெரிய கூடாரத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னக் கூடாரம் நின்றது. அதன் முன்னால் மடக்கு நாற்காலி. ஹார்மென் கையில், வண்ணக் காகிதம் ஒட்டிய ஒரு பெட்டி. வாளி, தண்ணீர்த் துப்பாக்கி, நீச்சல் குளத்துச் சீட்டு, ஐஸ்கிரீம் சீட்டு. விடுமுறைக்கு எங்கும் போக வசதியில்லாத பிள்ளைகளுக்கு நகராட்சி கொடுக்கும் பெட்டி அது.

“நீ கேக்க மாட்டேன்னு தெரியும்டா. அதான் நானே உன் பேர்ல நகராட்சிக்கு எழுதிப் போட்டேன்,” என்றார். “நானும் லாரிக்கு லீவு சொல்லிட்டேன். நீங்க மட்டும் இங்க தனியா எதுக்கு? நானும் கூட இருக்கேன்.”

வேலிச் செடிக்கு இந்தப் பக்கம், என் தோட்டத்தில் இலை வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தரியை நிறுத்திவிட்டேன். எங்கேயோ ஒரு பிள்ளைக்குச் சேர வேண்டிய பெட்டி அது. வீபேயின் பொய்யை அதற்குமேல் நீட்ட இடமில்லை.

“ஹார்மென், நாங்க போறோம்,” என்றான். “சனிக்கிழமை கிளம்புறோம். ஏழு நாடு.”

ஹார்மென் பெட்டியைப் புல்லில் வைத்தார். “வெப்பப் பம்பு?”

“இல்ல.”

“அப்ப ஏன்டா சொல்லல?”

“கார்ல இடம் பத்தாது.”

அப்போதும் உண்மை வரவில்லை, பாருங்கள். ஹார்மென் வாசலைத் திரும்பிப் பார்த்தார்; அவருடைய கார் அங்கேதான் நின்றது. உருளைக்கிழங்கு சீவும் கத்தியோடு யோரின் சமையலறையிலிருந்து இறங்கி வந்தாள்.

“இடமெல்லாம் இல்ல, ஹார்மென். உங்க குறட்டை. என்னால தூங்க முடியல. அதுதான் காரணம்.”

ஹார்மெனுக்கு முகமே தெளிந்துவிட்டது. அது மட்டும்தானா என்று கேட்டார்; தான் என்னென்னவோ நினைத்துவிட்டதாகச் சொன்னார். சின்னக் கூடாரத்துக்குள் குனிந்து, ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். காதில் அடைத்துக்கொள்ளும் மெழுகு உருண்டைகள், நான்கு பேருக்கும்.

“இதுக்காகத்தான் வாங்கியே வச்சேன். கூட வேலை பாக்குறவனுங்க இதைப் போட்டுக்கிட்டா இடி விழுந்தாலும் கேக்காதுங்கறானுங்க.”

தடையென்று இருந்தது அந்தக் குறட்டைதான். அதற்கும் மருந்து வந்துவிட்டது. ஹார்மெனிடம் லீவு இருந்தது, கார் இருந்தது, கூடாரம் இருந்தது. பாக்கி இருந்தது ஒரே ஒரு வார்த்தை. யோரின் புருஷனைப் பார்த்தாள். ஃபென்னா அப்பாவைப் பார்த்தாள். ஹார்மென் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார், கூப்பிடுகிறவனுக்குச் சங்கடம் இல்லாமல் இருக்கட்டும் என்பதுபோல.

வீபே தொண்டையைச் செருமினான்.

“காபி சாப்பிடுறியா?”

“சாப்பிடலாம்,” என்றார் ஹார்மென். காபி வந்தது. குடித்து முடித்ததும், தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தான் இருக்கிறேன் என்றும், லீவுதான் இருக்கிறதே, கூடாரமும் அடித்தாகிவிட்டது, இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். பெட்டியை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்ததும் அவர்தான். வீபேயால் அங்கே முகம் காட்ட முடியவில்லை.

சனிக்கிழமை காலை, எங்கள் வழக்கப்படி, தெருவே வாசலில் நின்று கையசைத்து வழியனுப்பியது. ஹார்மென் தெரு முனை வரை நடந்துபோய், கார் மறையும்வரை கைக்குட்டையை ஆட்டினார்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். குப்பைத் தொட்டியை வைக்கப் பின்பாதைக்குப் போன எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வேலியோரமாகக் குனிந்தபடி வீபே வந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தான். மரச் சுத்தியலை விட்டுவிட்டானாம். தன் சின்னக் கூடாரத்துக்கு முளை அடிக்க ஹார்மென் எடுத்தது, அங்கேயே தங்கிவிட்டது. வழியனுப்பிய தெருவுக்குள் திரும்பவும் வர வெட்கப்பட்டு, காரை முனையில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறான்.

இருவரும் இலை இடுக்கில் பார்த்தோம். பெரிய கூடாரம் நின்ற இடத்தில் புல் மஞ்சளாகச் சதுரம் போட்டிருந்தது. அதன் ஓரத்தில் மடக்கு நாற்காலியில் ஹார்மென். காலடியில் சுத்தியல். மடியில் ஐரோப்பாவின் சாலைப் படப் புத்தகம் விரிந்திருந்தது. அவ்வப்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், விரலைப் படத்தில் கொஞ்சம் நகர்த்துவதுமாக இருந்தார். அவர் கணக்கில் வீபே அப்போது ஜெர்மனி எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தான்.

வீபே பின்வாசல் கதவின் கொக்கியில் கை வைத்தான். திறக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, வந்த மாதிரியே குனிந்தபடி திரும்பிப் போனான். சுத்தியல் எங்கே என்று யோரின் கேட்டபோது, கிடைக்கவில்லை என்றானாம். திரும்பி வந்தபிறகு அவள்தான் என்னிடம் சொன்னாள். எல்லை தாண்டியபோது ஹார்மெனிடமிருந்து ஒரு செய்தி வந்ததாம்: ‘சுத்தியலை விட்டுட்டுப் போயிட்டீங்க. அதுக்காகத் திரும்பி வந்துடாதே, பெட்ரோல் வீண். கல்லை வச்சு அடி.’

ஏழு நாட்டிலும் கல்லால்தான் அடித்தார்கள். அத்தனை முளையும் வளைந்துவிட்டது. அதை நிமிர்த்தித் தரச் சொல்லி அண்ணனிடம் இன்னும் வீபே கேட்கவில்லை, நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.