அவிழ்ந்துபோகும் முள்

தீபாவளி லீவில் பெங்களூரிலிருந்து வந்து நீடாமங்கலத்தில் இறங்கினேன். நேராக மீரா சாகிப் வயலுக்குப் போனேன். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நாற்றங்காலில் என் அம்மா அம்சவல்லி மற்ற பெண்களை விட்டுத் தள்ளி, தனியாக நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். வரப்பில் எல்லோருக்கும் ஒரு குடம், ஒரு சொம்பு. அம்மாவுக்கு மட்டும் தனிச் சொம்பு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. டீக்கடையில் எங்கள் தெருவுக்குத் தனி டம்ளர் வைத்ததற்காக மறியல் செய்து அடிவாங்கிய பெண்கள் இவர்கள்.

"என்னம்மா இது?"

"சத்தம் போடாத. உன் போட்டோவக் காட்டினேன். அதான்."

போட்டோவில் நான் கையுறை, முகமூடியோடு லேபில் நிற்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். 'எம் பொண்ணு எய்ட்ஸுக்கு ஊசி கண்டுபிடிக்குது' என்று நடவு செட்டு முழுக்க அம்மா பெருமையடித்திருக்கிறாள். அவர்கள் ஊசியை விட்டுவிட்டு எய்ட்ஸைப் பிடித்துக்கொண்டார்கள்.

செட்டுக்குத் தலைவி ரெத்தினம் அத்தை. நிமிராமலே சொன்னாள்: "வந்துட்டியா எழிலு. நாளையிலேருந்து அம்மாவ வீட்டுலயே வச்சுக்க. சேதி பரவுனா எங்க செட்ட எவனும் நடவுக்குக் கூப்பிட மாட்டான். இருபது பேரு பொழப்பு இது."

என் சம்பளத்தில் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ஆனால் இருபத்தைந்து வருஷம் இருந்த செட்டிலிருந்து விலக்கினால், நாளைக்குத் தெருக்குழாயிலும் விலக்குவார்கள். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.

"அத்தை, அந்த நோய் இருக்கிறவங்க சொம்புல குடிச்சாலே ஒட்டாது. பம்பாய்லேருந்து அந்த நோயோட வந்து நம்ம தெருவுல ஒருத்தர் செத்தாரே, அவருக்குத் தனித் தட்டு வச்சதும் தப்புதான். நான் கிருமியத் தொடுறதுகூட இல்ல. கிருமி மேல முள்ளு முள்ளா ஒரு சட்டை. அந்த முள்ள மட்டும் செய்யுறோம். உள்ள ஆள் கிடையாது."

"செத்தவன் சட்டையக்கூட நாங்க தொட மாட்டோம்டி," என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள்.

"யாரும் போட்ட சட்டையில்ல. புதுசா தச்சது."

கட்டி வைத்திருந்த ஒரு நாற்று முடியைக் கையில் எடுத்தேன். "ஒவ்வொரு முள்ளும் மூணு துண்டு, இப்படி ஒண்ணா நிக்கும். இந்த மொகத்த ஒடம்புக்குக் காட்டி வச்சா, நெசக் கிருமி வரும்போது அடையாளம் கண்டு அடிக்கும். ஆனா தனியா செஞ்சா இப்படி ஆயிடுது." அதன் கட்டை அவிழ்த்தேன். நாற்று சரிந்து உள்ளே இருந்த வேர் தெரிந்தது. "ஒடம்பு இந்த வேரப் பார்த்துப் பழகிடுது. நெசக் கிருமிக்கு வேர் உள்ள மறைஞ்சிருக்கும். அப்புறம் ஆளத் தெரியாது. அதனால அவிழாம முடிச்சுப் போடுறோம். ரெண்டு வருஷமா அதான் வேலை."

ரெத்தினம் அத்தை அப்போதுதான் நிமிர்ந்தாள். "இறுக்கிக் கட்டுனா நாத்து நசுங்குமே. மொகம் மாறிப் போயிடாதா?"

போன மாதம் மீட்டிங்கில் எங்கள் புரொபசர் கேட்ட கேள்வி அது.

"மாறுது அத்தை. ஒரு முடிச்சத் தப்பான எடத்துல போட்டு ஆறு மாச வேலை வீணாப் போச்சு."

"அப்ப ஊசி எப்ப வரும்?"

"தெரியாது."

அத்தை என்னையே பார்த்தாள். "கதை விடுறவளா இருந்தா அடுத்த வருஷம்னு சொல்லியிருப்பா," என்றாள் மற்றவர்களிடம். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "அம்சு, ஒம் பொண்ணு அவுத்துப் போட்டத நீ வந்து கட்டு. அங்க என்ன தனியா?"

அம்மா வந்து கட்டினாள். என்னைப் பார்க்கவேயில்லை.

தண்ணீர் குடிக்க ஏறியபோது, பழக்கத்தில் தன் சொம்பைத் தேடினாள். அது அத்தை கையில் இருந்தது. அத்தை மொண்டு வாய் வைத்துக் குடித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள். செத்தவன் சட்டை என்றவள் மட்டும் வாய்க்காலுக்குப் போய்க் கையால் அள்ளிக் குடித்தாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"நாளைக்கு அஞ்சரைக்கு வந்துடு," என்றாள் அத்தை, அம்மாவிடம்.