பின் சீட்டின் பள்ளம்

தராசுக்காரரின் மோட்டார் சைக்கிள் சீட்டில், யாரும் உட்காராதபோதும் இரண்டு பேர் உட்கார்ந்த பள்ளம் இருந்தது. அதில் பின்பள்ளம் மட்டும் வாரத்துக்கு வாரம் மேலே வந்துகொண்டிருந்தது. தெருவில் இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் கிடையாது. அந்தச் சீட்டைத் தைத்த குஷன்காரர் செய்யும் சீட்டுகள் எல்லாமே நடக்கப்போவதை ஒரு பருவம் முந்திச் சொல்பவை என்பது ஊரறிந்த விஷயம். கூரியர் கொண்டுபோகிறவரின் சீட் ஒரு கோடையில் தானாக அகலமானது. அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் இடுப்பு அந்த அகலத்துக்கு வந்து சேர்ந்தது. போட்டோக்காரரின் சீட் முதலில் இடப்பக்கம் சாய்ந்தது, அவர் மாடிப்படியில் உருண்டு இடக்காலைக் கெடுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். இதற்காக யாரும் குஷன்காரரைக் குறை சொன்னதில்லை. தையல் அவ்வளவு சுத்தம்.

தராசுக்காரருக்கு அந்தப் பெயர் வேலையால் வந்தது. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, பொய் சொல்பவற்றைத் திருத்தி, முத்திரை குத்துவார். ஒரு சுற்று என்றால் மலையடிவாரத்து ஊர்களில் தொடங்கித் துறைமுகம் வரை போய்த் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பெரிய பயண வண்டியை வாங்கினார். எஞ்சின் பூனைபோல ஓடியது, விளக்கு பகலைக் கொண்டுவந்தது, கம்பெனியில் அதன் சீட்டைச் செய்தவர் மட்டும் வாழ்நாளில் உட்கார்ந்தே இருந்திருக்க மாட்டார் போலிருந்தது. வண்டியின் இடப்பக்கப் பெட்டியில் அவருடைய இரும்பு எடைக்கற்கள், வலப்பக்கப் பெட்டியில் மனைவி செய்த பல்செட்டுகள். மனைவி பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவள். அவளுக்கும் அதே ஊர்கள்தான், அதனால் பின்னால் அவள். அவளுக்கும் வண்டி ஓட்டத் தெரியும். கல்யாணமான புதிதில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதற்கப்புறம் சாவியைக் கொடுக்காதவரும் அவர்தான்.

பத்து ஊர் தாண்டுவதற்குள் அவர் முதுகெலும்பின் கடைசிக் கணு கதற ஆரம்பித்துவிடும். துண்டை மடித்துப் போட்டுப் பார்த்தார். ஆட்டுத்தோல் விரித்துப் பார்த்தார். காற்றடைத்த மெத்தை ஒன்று வாங்கி, அது சந்தையின் நடுவே வெடித்ததில் ஒரு முட்டைக்காரர் அவரோடு இன்றுவரை பேசுவதில்லை. சுற்று முடிந்து வந்தால் இரண்டு நாள் நின்றுகொண்டே சாப்பிடுவார். கடைசியில் மனைவிதான், உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால் இருந்த குஷன்காரரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

குஷன்காரர் டேப்பைத் தொடவில்லை. ஒரு பலகையில் ஈரக் களிமண்ணைப் பரப்பி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, வண்டியில் உட்காருவதுபோலவே இருவரையும் முன்னும் பின்னுமாக உட்காரச் சொன்னார். பிறகு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, உங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருங்கள் என்று விட்டுவிட்டார். புருஷன் பெண்டாட்டி சும்மா உட்கார்ந்தால் பொய்யாக உட்காருவார்கள், சண்டை போடும்போதுதான் உடம்பு உண்மையாக உட்காரும் என்பது அவர் கட்சி. துறைமுகத்து லாட்ஜில் மூட்டைப்பூச்சி இருந்தது யார் குற்றம் என்று இருவரும் ஒரு மூச்சுப் பேசி முடித்தபோது களிமண்ணில் அச்சு விழுந்திருந்தது. அதைப் பார்த்து ஸ்பாஞ்சை அடுக்கடுக்காகச் சீவி, கறுப்பு ரெக்சின் போர்த்தி, வெள்ளை நூலால் தைத்துக் கொடுத்தார். முதல் சுற்று முடிந்து வீட்டுக்கு வந்த தராசுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒரு கரண்டி அதிகமாகப் போட்டாள்.

பின்பள்ளம் மேலே வருவதை அவர் கவனித்தது அடுத்த பருவத்தில். முதலில் ஸ்பாஞ்ச் உப்பியிருக்கும் என்று தேற்றிக்கொண்டார். பிறகு கூரியர்காரரின் இடுப்பும் போட்டோக்காரரின் காலும் நினைவுக்கு வந்தன. பின்னால் உட்காருகிறவள் ஒருத்திதான். பள்ளம் மேலே வருகிறது என்றால் அவள் கரைகிறாள் என்று அர்த்தம். பள்ளம் சமமாகிவிட்டால் என்ன அர்த்தம் என்பதை அவர் மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை. எடை பார்த்தே வயிறு வளர்த்த மனிதர். ஒன்றுமே இல்லாத தட்டு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. புது மேடைத் தராசு ஒன்றைச் சோதிக்க ஆள் வேண்டும் என்று சாக்குச் சொல்லி அவளை ஏற்றினார். எடை குறையவில்லை. அடுத்த வாரம் அதே தராசை மறுபடி சோதித்தார். அதற்கடுத்த வாரம் அவளே, “அந்தத் தராசுக்குத்தான் ஏதோ ஆகிடுச்சா, இல்ல உங்களுக்கா?” என்று கேட்டாள். பால், பழம், முட்டை என்று எதைக் கண்டாலும் அவள் பக்கம் தள்ளினார். அவள் இருமினால் எழுந்து நின்றார். நல்ல ஆரோக்கியமாக இருந்தவளை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போக, அவர் இரத்தம் பார்த்து, படம் பிடித்து, இவளுக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் நாடி இப்படி ஓடுகிறது என்று அனுப்பிவைத்தார். பள்ளமோ மேலே வந்துகொண்டே இருந்தது. அவளை வண்டியில் ஏற்றாவிட்டால் பலிக்காது என்று ஒரு யோசனை வந்தது. சாலை சரியில்லை என்றார். காற்று சரியில்லை என்றார். பல்செட்டுப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்த மனைவி, தன்மேல் அவருக்கு என்ன கசப்பு என்று புரியாமல் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். அவருக்கு அது வலித்தது. முதுகும் மறுபடி வலிக்க ஆரம்பித்திருந்தது. கவலையால் வருகிற வலி என்று அதைப் பொருட்படுத்தவில்லை.

அங்கேதான் அவர் தன் தொழிலுக்கே துரோகம் செய்தார். தராசைத் தொடும் எவரும் முதலில் இரண்டு தட்டையும் பார்க்க வேண்டும், முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனையோ கடைக்காரர்களை இதற்காகத் திட்டியவர், மாதக்கணக்கில் பின்பள்ளம் என்ற ஒரே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலை திடீரென்று மழை பிடித்தது. அவர் குளித்துக்கொண்டிருக்க, வாசலில் நனைந்த வண்டியைக் கொட்டகைக்குள் விட மனைவி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் இறங்கவில்லை. மழை முதுகில் கொட்ட அப்படியே இருந்தாள். அவர் துண்டோடு ஓடிவந்தார்.

“ஏங்க, இது என் சீட்டு.”

“உன் சீட்டு பின்னாடிம்மா. எழுந்திரு, நனையுற.”

“இல்லைங்க. என் இடுப்பு எனக்குத் தெரியாதா? அளவெடுத்த மாதிரி இருக்கு. நீங்க ஒரு நிமிஷம் பின்னாடி உட்காருங்க.”

உட்கார்ந்தார். அந்த மேலேறிய பள்ளத்தின் ஓரங்கள் அவருடைய தொடைக்கும், பல வருடம் வண்டி ஓட்டியதில் இடப்பக்கம் சற்று இறங்கிப்போன அவருடைய இடுப்புக்கும் கச்சிதமாகப் பொருந்தின. ஆழம் மட்டும்தான் போதவில்லை. சொட்டச் சொட்டப் போய் மேடைத் தராசில் ஏறினார். முள் அவருடைய வழக்கமான எடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. கல்லை வைத்துச் சரிபார்த்தார். தராசு உண்மைதான் சொன்னது. அப்போது அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல், “அப்பாடா.”

அந்த ஒரு சொல்லுக்காக மனைவி அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. அவர் பல மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். பயம் அவரை விட்டு இறங்கி அவள்மேல் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான்.

மறுநாளே அவள் சீட்டைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு குஷன்காரரின் கடையில் போய்ப் போட்டாள்.

“இதை மாத்திக் கொடுங்க. இல்லேன்னா எரிச்சுடுங்க.”

குஷன்காரர் ஊசியைக் காதில் செருகிக்கொண்டு சீட்டைத் தடவிப் பார்த்தார். “சீட் ஒண்ணும் செய்யாதும்மா. சொல்லும், அவ்வளவுதான். எரிச்சா சொல்றது நிக்கும், நடக்கிறது நிக்காது.”

“எதுக்கு அவருக்கு இப்படி?”

“தெரியாதும்மா. தெரிஞ்சா நான் ஏன் சீட் தைக்கிறேன்?”

சீட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்து, வண்டியோடு வந்த பழைய கட்டைச் சீட்டை மாட்டினாள். சீட்டை மாற்றியதற்காக அவருடைய எடை குறைவது நிற்கவில்லை. முகம் அப்படியே இருந்தது, சட்டை அளவு மாறவில்லை, பசிக்கும் குறைச்சலில்லை. எடை மட்டும் போனது. நடந்தால் சத்தம் வரவில்லை. ஈர மண்ணில் பாதம் பதியவில்லை. மெத்தையில் உட்கார்ந்தால் மெத்தைக்கே தெரியவில்லை. ஒருநாள் வேகத்தடை ஒன்றில் கட்டைச் சீட் தூக்கிப்போட்டதில், அவர் எழும்பியவர் உடனே கீழே வரவில்லை. பின்னால் இருந்த மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அன்றே குஷன்காரரிடம் போய்ச் சீட்டைத் திரும்ப வாங்கிவந்தாள். அதன் ஓரங்களாவது அவரைப் பிடித்துக்கொள்ளும். அன்றிலிருந்து ஹேண்டில் அவள் கையில், அவர் பின்னால். சாவியை அவராகவே நீட்டியபோது அவளுக்கு அழுகை வந்தது.

பின் சீட் முழுச் சமமானது கோடையின் ஆரம்பத்தில். புதிதாக இஸ்திரி போட்டதுபோல இருந்தது. ஒரு பருவம் முந்திச் சொல்லும் சீட் என்றால், கோடையின் முடிவில் அங்கே உட்கார யாரும் இல்லை. அவள் பல்லுக்கு அச்சு வார்க்கும்போது கவனம் சிதறி, ஒரு நல்ல மனிதருக்கு இரண்டு கோரைப்பல் அதிகமாகிவிட்டது. வண்டி ஓட்டும்போது நூறு தடவை கையைப் பின்னால் விட்டு அவர் முழங்காலைத் தொட்டாள். அவர் பேசாமல் வந்தால் பயந்தாள், பேசினால் இதுதான் கடைசிப் பேச்சோ என்று பயந்தாள். காற்றடிக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்தி வைத்தாள். “நான் என்ன காகிதமா?” என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இந்த நிலையில் ஒரு காலை பின் சீட்டில் மறுபடி பள்ளம் விழுந்திருந்தது. சாதாரணப் பள்ளம் இல்லை, முன்பு எப்போதும் இல்லாத ஆழம். அவர் எடை கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. அப்படியென்றால் அங்கே உட்காரப்போவது வேறு யாரோ, இவரைவிடக் கனமான யாரோ. தெருவில் இரண்டொருவர் அவளை இரக்கமாகப் பார்க்கவும் ஆரம்பித்தார்கள். வந்த ஆத்திரத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு சீட்டருகே போனவள், பள்ளத்தின் வடிவத்தைப் பார்த்து நின்றாள். கத்தியை வைத்துவிட்டுப் பட்டறைக்குள் போய், தாள் கொண்டுவந்து பள்ளத்தில் விரித்து, ஈறுக்கு வார்ப்பதுபோலப் பிளாஸ்டர் கரைத்து ஊற்றினாள். உலரும்வரை வெயிலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எடுத்துத் திருப்பினாள். நடுவே, இடப்பக்கம் இறங்கிய அதே இடுப்பு. அந்த இடுப்பின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல வட்டமாக இரண்டு அடையாளம். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் சின்னதாக ஒரு குழி, குழிக்குள் அவர் குத்தும் முத்திரை.

அவள் போட்ட கூச்சலில் அவர் கதவைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தார். வட்டத்தைப் பார்த்தார்.

“இது என் எடைக்கல் இல்ல? அடியில ஈயம் ஊத்தி முத்திரை குத்தின இடம் வரைக்கும் விழுந்திருக்கு.”

“போய்ப் பெட்டியைத் திறங்க,” என்றாள் மனைவி. பிறகு, “இருங்க, நீங்க அசையாதீங்க, நானே எடுக்கிறேன்,” என்றாள்.

குஷன்காரர் பழைய ரெக்சினில், இரண்டு பக்கமும் பை வைத்த ஒரு பெல்ட்டைத் தைத்துக் கொடுத்தார். அதில் கற்களைப் போட்டு இடுப்பில் கட்டியபோது அவர் பாதம் தரையில் சத்தத்தோடு பட்டது. கோடையின் முடிவில் பெல்ட் இல்லாமல் ஏறிய அவருக்குத் தராசு பூஜ்யம் காட்டிய நாள், இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வேறெதுவும் நடக்கவில்லை. குழம்பில் உப்பு தூக்கல் என்றார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதன் பிறகு எத்தனையோ சுற்றுகள் போய்விட்டன. வழி ஊர்களில் எல்லோருக்கும் பழகிவிட்டது. தராசைச் சோதிக்கப் பெல்ட்டிலிருந்து கல்லை எடுக்க வேண்டியிருப்பதால், அதுவரை கட்டிப்பிடித்துக்கொள்ள அவர் கையில் ஒரு சர்க்கரை மூட்டையையோ ஆணிப் பெட்டியையோ கொடுத்துவிடுவார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டே முள்ளைப் படித்துச் சொல்வார். முதுகு வலி என்ற பேச்சே அவர் வாயில் வருவதில்லை. உலகத்திலேயே வசதியான சீட் என்று கேட்பவர்களிடமெல்லாம் குஷன்காரரின் விலாசத்தைக் கொடுப்பார். மனைவி மட்டும் கொடுக்க மாட்டாள்.

தினமும் காலையில் அவள் வாசலுக்கு வந்து, சீட்டின் உறையை விலக்கி, பின்பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். முன்பு அந்தச் சீட்டைப் பார்க்கவே நடுங்கியவள், இப்போது அதைத் தொடாமல் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. உள்ளேயிருந்து அவர் குரல் வரும்.

“இருக்கா?”

“இருக்கு. பெல்ட்டைக் கட்டிக்கிட்டு டீ குடிக்க வாங்க.”